திடீர் நன்றி

மின்விசிறியைப் போட்டுவிட்டதற்கு மகன் எனக்கு நன்றி சொன்னபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது. பல் தேய்க்கச் சொன்னாலே சண்டைக்கு வருபவன் அவன்.

மறுநாள் மகள். "ஸ்கூல்ல கொண்டு விட்டதுக்குத் தேங்க்ஸ்ப்பா." பதினான்கு வயதுப் பெண் பேசுகிற பேச்சா இது?

டிசம்பரில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனாலும் யோசித்தேன். போன வாரம்தான் ரத்தப் பரிசோதனை செய்திருந்தேன். ரிப்போர்ட்டை வாங்கி வந்த மனைவி, "எல்லாம் நார்மல்" என்று அதோடு முடித்துவிட்டாள்.

இன்று காலை துணி தேய்த்தபடி அவளே ஆரம்பித்தாள்: "இத்தனை வருஷமா எங்களைப் பாத்துக்கிட்டதுக்கு நன்றிங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"மறைக்காம சொல்லு. டாக்டர் எனக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கார்?"

"எந்த டாக்டர்?"

"அப்புறம் எதுக்கு மூணு பேரும் சேர்ந்து எனக்கு வழியனுப்பு விழா நடத்தறீங்க?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை முறைத்தாள்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் தினமும் வீட்டுல ஒருத்தருக்காவது நன்றி சொல்லுங்கன்னு, ஞாயித்துக்கிழமை தொண்டை கிழியப் பிரசங்கம் பண்ணது யாரு, பாஸ்டர் ஐயா?"

சபை மொத்தமும் 'ஆமென்' சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று பிரசங்கத்தைக் கேட்காமல் விட்டது, பேசியவன் ஒருவன்தான்.