முதல் கப்பல்

போர் முடிந்தும் குவாம் தீவிலிருந்து ஊர் திரும்பக் கப்பலில் இடமில்லை. கடற்படைக்காக பேஸ்பால் ஆடும் பந்துவீச்சாளன் எமெட்டிடம் அவனுடைய படை அதிகாரியான கேப்டன் சொன்னார்: "தரைப்படையை ஜெயிச்சுக் கொடு. முதல் கப்பல்ல வீட்டுக்குப் போ."

எதிரணியில் பந்து வீசியவன் ஆர்வில். ஊரில் இருவருக்கும் சோறு போட்டது ஒரே அணிதான். "கையில எதையும் மிச்சம் வைக்காம வீசுடா" என்று அவனே தட்டிக்கொடுத்தான்.

எமெட் உயிரைக் கொடுத்து வீசி ஜெயித்தான்.

கேப்டன் கட்டிப்பிடித்தார். "உன்னை அனுப்பிட்டு நான் யாரை வச்சு ஆடுறது? அடுத்த வாரம் விமானப்படையோட ஆட்டம் இருக்கே."

மறுநாள் கப்பலேறும் வரிசையில் மூட்டையோடு ஆர்வில் நின்றான்.

"தோத்த உன்னையா அனுப்புறாங்க?"

"தோக்குறவனை வச்சுக்கிட்டு எங்க கர்னல் என்னடா பண்ணுவார்?"

"அப்போ வேணும்னேதான் தோத்தியா?"

ஆர்வில் மூட்டையைத் தோளில் ஏற்றினான். "ஊர்ல நம்ம டீம்ல பந்து வீச ஒரே இடந்தான் காலி, எமெட். முதல்ல போறவனுக்குத்தானே கிடைக்கும்?"