படுகளத்துத் தண்ணீர்

நாடக வரலாறு வகுப்பு முடிந்து மணி அடித்துவிட்டது. ஜன்னல் வழியே வந்த மலையின் நிழல், போர்க்களக் காட்சியை நடித்துக் காட்டித் தரையில் துரியோதனனாக விழுந்து கிடக்கும் தென்றலின் கால்வரை நீண்டிருக்கிறது. யாரும் பையை எடுக்கவில்லை. பேராசிரியை அருணாதேவி கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, "எழுந்திரும்மா, பஸ்ஸு போயிடும்" என்கிறாள். தென்றல் கண் திறக்கவில்லை. "தானா எழுந்திரிக்கக் கூடாதுங்க மேடம்" என்கிறாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் நந்தினி. "எங்க ஊரு கூத்துல, படுகளத்துல செத்த மாதிரி விழுந்தவங்கள தண்ணி தெளிச்சுதான் எழுப்புவாங்க." அருணாதேவிக்குச் சிரிப்பு வருகிறது, வந்த வேகத்தில் நின்றும் போகிறது. போன வாரம் இதே இடத்தில் அபிமன்யுவாக விழுந்த செழியன், மணி அடித்ததும் தானே எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு ஓடினான். அன்றிலிருந்து அவன் வகுப்புக்கு வரவில்லை, போனையும் எடுப்பதில்லை. யாரும் அவனுடைய பெஞ்சைப் பார்க்காமல் நிற்கிறார்கள். அருணாதேவி தன் பாட்டிலைத் திறந்து தென்றலின் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறாள். தென்றல் மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து உட்காருகிறாள். பைகள் தோளில் ஏறுகின்றன. அருணாதேவி மட்டும் பாட்டிலை மூடவில்லை. செழியனின் காலி பெஞ்சுக்குப் போய், உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி அந்த மரப்பலகைமேல் தெளித்து, "எழுந்திருப்பா" என்கிறாள்.