ரெண்டு பிடி காலாணி

"வலிச்சா கத்துங்க சார், தப்பில்ல. காலை மட்டும் ஆட்டாதீங்க" என்றாள் மாணவி ஒருத்தி.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நீள மேஜை மேல் கிடந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் அப்போதுதான் துடைத்துவிட்டிருந்த ஈரத்தில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. விழுந்த வேகத்தில் கண்ணாடி வேறு எங்கோ பறந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கிறவருக்கு இப்போது தன் கைவிரலே தெரியவில்லை.

அவர் விழுந்த சத்தம் கேட்டு, எதிர் அறையிலிருந்து ஓடிவந்த பெண்கள்தான் அவரைத் தூக்கிவந்து இங்கே கிடத்தினார்கள். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை வெள்ளையாக மேலங்கிகள் மங்கலாக நடமாடின. ஸ்பிரிட் வாசனை மூக்கைத் துளைத்தது. விழுந்தாலும் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறோம் என்று அந்த வலியிலும் அவருக்கு ஒரு நிம்மதி.

அவர் தேடிவந்ததே நர்சிங் வகுப்பைத்தான். பதினொன்றாம் வகுப்பில் எந்தத் தொழில் பாடம் என்று மகள் இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். மச்சினி மகள் நர்ஸாகிப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தார் மனிதர்.

காலையில் மகள், "அப்பா, நான் எடுக்கலாம்னு நினைக்கிறது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"நர்சிங்" என்று அவரே முடித்துவைத்தார். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். அசட்டுப்பெண் வேறெதிலாவது பேரைக் கொடுத்துத் தொலைப்பதற்குள் டீச்சரையே பார்த்துப் பேசிவிடலாம் என்று கடையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"தள்ளுங்கடி, நான் பாக்கறேன்." டீச்சரின் குரல் கணீரென்று இருந்தது. டேப்பால் அவர் காலை முழங்காலிலிருந்து குதிகால்வரை அளந்தார். வழவழவென்று இரண்டு பலகைகள் வந்தன. காலுக்கு இரண்டு பக்கமும் வைத்து, துணியைச் சுற்றி, இறுக்கிக் கட்டியாயிற்று. வலி பாதியாகக் குறைந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வரச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் இது தாங்கும்."

"அசையாம நிக்குமா டீச்சர்?"

"நான் கை வச்ச கால் எதுவும் இன்னிவரைக்கும் ஆடினதில்ல சார்."

கண்ணாடிக் கடைக்காரருக்கு மெய்சிலிர்த்தது. பேச்சிலேயே பாதி நோய் போய்விடும் போலிருக்கிறதே!

அப்போது மூலையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "டீச்சர், காலாணி எடுத்துட்டேன்!"

"எவ்வளவு எடுத்தே?"

"ரெண்டு பிடி இருக்கும்."

"போதும் போதும். மிச்சம் அப்படியே இருக்கட்டும்."

ரெண்டு பிடியா! கடைக்காரருக்கு மூச்சே நின்றுவிட்டது. எந்தப் பாவியின் பாதமோ! மிச்சம் வேறு இருக்கிறதாமே! இவருடைய இடது பாதத்திலும் ஒரு காலாணி வருஷக்கணக்காக உயிரை வாங்குகிறது. போகாத டாக்டர் இல்லை, போடாத மருந்தில்லை. இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளை பிடி பிடியாக எடுக்கிறாள்.

"டீச்சர்..." சொல்லவே கூச்சமாக இருந்தது. "எங்கிட்டயும் ஒரு காலாணி இருக்கு."

"ஒண்ணா? ஒண்ணை வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது?" என்று டீச்சர் சிரித்தார்.

வாஸ்தவம்தான். பிடிக்கணக்கில் பார்க்கிறவருக்கு ஒற்றைக் காலாணி எம்மாத்திரம்! 'பெண்ணைச் சேர்த்தால் இந்த மகராசியிடம்தான் சேர்க்க வேண்டும்' என்று மனசுக்குள் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார்.

வாசலில் தடதடவென்று யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

"அப்பா! என்னப்பா ஆச்சு? ஏன் இந்த ரூமுக்கு வந்தீங்க?" மகளின் குரல்தான். வந்த வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது. "டீச்சரை ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. அவங்க மேல தப்பே இல்ல. நானாதான் இந்த கிளாஸுக்குப் பேர் குடுத்தேன்."

"என்னது, பேர் குடுத்துட்டியா? நீயாவேவா?"

"ஆமாப்பா. காலையில சொல்ல வந்தேன், நீங்க பேசவே விடல."

கடைக்காரர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார். பெண்ணை அநியாயமாகச் சந்தேகப்பட்டோமே என்று கையை நீட்டி அவள் தலையைத் தடவித் தேடினார்.

"அட என் கண்ணு! இதுக்கா அழறே? இந்தக் கிளாஸ்ல உன்னைச் சேக்கணும்னுதானே நான் கால் ஒடிய ஓடிவந்தேன்!"

மகளின் அழுகை பட்டென்று நின்றது. "இந்த கிளாஸ்லயா? உங்களுக்குக் கோவமே இல்லியா?"

"கோவமா? பூரிச்சுப்போய்க் கிடக்கேன்டி! இந்தக் கட்டைப் பாரு, என்னா நேர்த்தி!"

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாறினா என்னை அப்பான்னு கூப்பிடாதே! டீச்சர், எல்லாரையும் சாட்சியா வச்சுச் சொல்றேன். இவ இனிமே உங்க பொண்ணு. அடிச்சாலும் சரி, ராத்திரி டூட்டி போட்டாலும் சரி, நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

வகுப்பே கைதட்டியது. மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ராத்திரி டூட்டி என்பது மட்டும் டீச்சருக்குப் பிடிபடவில்லை. வலியில் உளறுகிறார் என்று விட்டுவிட்டு, மகளின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"நாளைக்கே வந்துடும்மா. கால் இஞ்ச் ஆணி, ரம்பம் எல்லாம் இங்கயே இருக்கு, உளி மட்டும் சொந்தமா வாங்கிட்டு வந்துடு."