பத்தொன்பதாவது துளை

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டினார். ஒரு விபத்து இல்லை. ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக மைக்கைப் பிடித்து, "எல்லாம் இந்தக் கை பண்ண வேலை!" என்று கையைத் தூக்கிக் காட்டினார். எனக்கும் பெருமைதான். யார் கை என்பதில்தான் வழக்கு.

எந்த வண்டி மாறினாலும் கண்ணாடியில் தொங்கட்டும் என்று நான் ஆற்றில் பொறுக்கிக் கொடுத்த கல்லை அவிழ்த்து வந்தேன். கொடுத்தபோது தண்ணீர் அரித்த துளை ஒன்றுதான். இப்போது பதினெட்டு. மற்ற பதினேழும் எந்தெந்த வளைவில், அவருக்கு வரவிருந்ததைத் தான் வாங்கிக்கொண்டு விழுந்தன என்று அவருக்குத் தெரியாது.

அதை அவருடைய நாற்காலிக்கு மேலே கட்டினேன்.

"இனிமே எதுக்கு இது? நான் எங்க போகப்போறேன்?"

"இருக்கட்டும்."

மறுநாள் காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் காபியை நீட்டிவிட்டு எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது.

"சர்க்கரை கம்மி," என்றார்.

சொல்லட்டும். குறை சொல்ல ஆள் இருக்கிறாரே, அதுதான் என் கை பண்ண வேலை.