லாமார் சட்டம்

கேக்கின் மேல் நீல க்ரீமில் 'லாமார் சட்டம்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததுமே ஜோலீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எழுத்தெல்லாம் சரியா இருக்கா பாரு பொண்ணே. போன தடவை குடிநீர்ச் சட்டத்துக்குப் பேரையே தப்பாப் போட்டுட்டான் அந்தக் கடைக்காரன்" என்றார் செனட்டர் ஹாஸ்கின்ஸ். ஓரத்தில் வழிந்த க்ரீமை விரலால் எடுத்து நக்கிக்கொண்டார்.

ஜோலீன் அவரிடம் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. வேறு மாநிலத்திலிருந்து வந்தவள். வந்த அன்றே இந்த மசோதாவைக் கையில் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னார்கள். ஒரே ஒரு சாட்சியின் பேச்சை நம்பி இனி யாருக்கும் மரண தண்டனை கூடாது. கைதி கேட்டால் தடயங்களை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். படித்தபோது இந்த வேலைக்கு வந்ததற்காகப் பெருமைப்பட்டாள்.

லாமார் டோலிவரைப் பற்றியும் அந்த மசோதாக் கோப்பில்தான் படித்தாள். பெட்ரோல் பங்கில் ஒரு கொலை. ஒரே சாட்சி. மரண தண்டனை. "போலீஸ் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன்" என்று பல வருடம் கழித்து அந்தச் சாட்சியே அழுதிருக்கிறான். அதைக் காது கொடுத்துக் கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் நேரமில்லை.

"லாமாரோட அம்மா கீழே வந்துட்டாங்களாம். போய்க் கூட்டிட்டு வா" என்றார் செனட்டர். "அழற மாதிரி இருந்தா, கேமராக்காரங்க வர்ற வரைக்கும் கொஞ்சம் அடக்கி வைக்கச் சொல்லு." சொல்லிவிட்டுக் கண்ணடித்தார்.

எர்லீன் டோலிவர் தேவாலயத்துக்குப் போகிற ஊதா நிற உடையிலும் தொப்பியிலும் வந்திருந்தார். சோதனை வாசலில், உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். அதில் கார் சாவி, அடையாள அட்டை, கொஞ்சம் சில்லறை. வேறு எதுவும் இல்லை.

"கைப்பை கொண்டு வரலியாம்மா?" என்றார் காவலர்.

"இப்படியே பழகிப்போச்சுப்பா."

மேல் மாடி மண்டபத்தில், ஆளுயரப் படச் சட்டத்துக்குள் லாமார் சிரித்துக்கொண்டிருந்தான். இருபக்கமும் வெள்ளை லில்லி ஜாடிகள். எர்லீன் நேரே போய், இரண்டு ஜாடிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவர் ஓரமாக வைத்தார். "இந்த வாசனையே அவனுக்கு ஆகாது" என்றார். ஜோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கவர்னர் வந்தார். ஆறு பேனாக்களை மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டார். ஒரு பேனாவை நினைவுப் பரிசாக எர்லீன் கையில் திணித்து, கேமராவைப் பார்த்துத் திரும்பினார்.

"எர்னஸ்டீன் அம்மா, உங்க பிள்ளை பட்ட கஷ்டம் வீண் போகலை. இனிமே இந்த மாநிலத்துல ஒரு நிரபராதி கையிலயும் விஷ ஊசி ஏறாது. அமெரிக்காவே நம்மளைத் திரும்பிப் பார்க்குது!"

மண்டபம் கைதட்டியது.

"எர்லீன்" என்றார் அந்த அம்மாள். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

கேக் வெட்டும் மேசையருகே மாவட்டப் போலீஸ் தலைவர்களான ஷெரிஃபுகளின் சங்கத்துத் தலைவர் புரூயிட், செனட்டரின் முதுகில் தட்டினார். "என்னய்யா, சபையில எங்க பேச்சைக் கேக்கற பதினோரு பேர் ஓட்டும் ஒழுங்கா விழுந்துச்சா?"

"விழாம? செப்டம்பருக்கு அப்புறம் பதிவாகற வழக்குக்கு மட்டும்தான்னு நீங்க கேட்ட வரியைச் சேர்த்துட்டோமே."

"பின்ன? பழசையெல்லாம் கிளறினா எங்காளுங்க பாதிப்பேர் கூண்டுல நிக்கணும்!"

இருவரும் வாய் நிறையக் கேக்கோடு சிரித்தார்கள். அந்த வரியில் விட்டுப்போயிருந்த காற்புள்ளியைப் போட்டுக் கொடுத்தது ஜோலீன்தான். அவளுக்குக் கைகளைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

செனட்டர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எர்லீனிடம் போனார். "உங்க பையன் பேர் இருக்கற துண்டு! உங்களுக்குன்னே தனியா வெட்டச் சொன்னேன்."

எர்லீன் தட்டைப் பார்த்தார். நீல எழுத்தைப் பார்த்தார். வாங்கக் கை நீட்டவில்லை.

ஜோலீன் குறுக்கே போய்த் தட்டைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"நாறுது சார்" என்றாள். கேக்கைத்தான் சொல்கிறாள் என்று செனட்டர் நினைத்துக்கொண்டு, குனிந்து கூடையை மோந்து பார்த்தார்.

"நான் கிளம்பறேன். நாலு மணி நேரம் வண்டி ஓட்டணும். மூணு மணிக்குள்ள போய்ச் சேரலைன்னா உள்ளே விட மாட்டாங்க" என்றார் எர்லீன். போட்டோ இன்னும் பாக்கி இருக்கிறது என்று யாரோ கத்தினார்கள். அவர் நிற்கவில்லை.

ஜோலீன் கார் வரைக்கும் கூடவே நடந்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிருங்க மிஸ் எர்லீன். இவங்களையெல்லாம் பார்த்தா அருவருப்பா இருக்கு. இந்தச் சட்டம் முன்னாடியே வந்திருக்கலாம்." கதவை விடாமலே கேட்டாள். "லாமார் போய் எத்தனை வருஷம் ஆச்சு?"

எர்லீன் அவள் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. அவள் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"அவனுக்கு ஊசி வர்ற வியாழக்கிழமைதான், கண்ணு."