ஆறுதல் சொல்ல வந்தவர்

“எம்.எல்.ஏ. வரட்டும், எம்.எல்.ஏ. வரட்டும்னு அப்பாவை இன்னும் எவ்வளவு நேரந்தான் பெட்டியில வெச்சிருக்கப் போறீங்க?”

மகள் கேட்டாள்.

“கொஞ்சம் பொறும்மா, தங்கச்சி. கிளம்பிட்டார்” என்றார் கட்சிக்காரர். ஒலிபெருக்கி தேவைப்படாத தொண்டை. ஊரில் அவருக்கு ‘மைக்’ என்றே பெயர். “தலைவர் இந்த வழியாப் போறார். ஜங்ஷன்ல வரவேற்பு. அடுத்த தேர்தல்ல சீட்டு உண்டா இல்லையான்னு இன்னிக்கு அங்கதான் தெரியும். அதுக்கு நடுவுல இங்க தலையைக் காட்டறார்னா சும்மாவா?”

“அப்ப சீட்டை வாங்கிக்கிட்டே வரச் சொல்லுங்க. அப்பா எங்கேயும் ஓடிடப் போறதில்ல.”

மைக் வாசலுக்குப் போய்விட்டார்.

அம்மா எதிலும் கலந்துகொள்ளவில்லை. உறுமிக்கொண்டிருந்த குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் தையல்காரர் படுத்திருந்தார். அவருடைய கடையும் அந்த முன்னறைதான். பெட்டிக்கு இடம் வேண்டும் என்று தையல் மெஷினை மூலைக்குத் தள்ளிப் போர்வை போர்த்தியிருந்தார்கள். அவர் உட்கார்ந்து தைத்த ஸ்டூலை மட்டும் அம்மா பெட்டியோரமாகப் போட்டு வைத்திருந்தாள். யாரையும் அதில் உட்கார விடவில்லை.

“அது எம்.எல்.ஏ.வுக்கு” என்று சொல்லிவிட்டாள்.

எம்.எல்.ஏ.வின் முதல் வெள்ளைச் சட்டை அந்த மெஷினில் தைத்ததுதான். அப்போது அவர் கவுன்சிலர் பதவிக்கு நின்று, சைக்கிளில் போய் ஓட்டுக் கேட்ட காலம். பிறகு ஒரு மழையில் மில் சுவர் இடிந்து ஆட்கள் செத்தபோது, முதல் ஆளாக ஓடிப்போய்ச் சேற்றில் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகைதான் அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது என்று ஊரில் சொல்வார்கள். மூன்று முறை ஜெயித்தாயிற்று. இன்றுவரை ஒரு துக்க வீட்டையும் அவர் தவறவிட்டதில்லை. சட்டைதான் தலைநகரத்துப் பெரிய கடைக்குப் போய்விட்டது. சட்டை போன வழியில் அவரும் போய்விட்டார். இந்தத் தெருப்பக்கம் வந்து வருஷக்கணக்காகிறது.

படுக்கையில் விழுவதற்கு முன்னால் தையல்காரர் கடைசியாக வெட்டித் தைத்தது இந்தச் சட்டையைத்தான். அளவு எடுக்கவில்லை. பழைய அளவு அவர் மனசில் இருந்தது. “பித்தான் மட்டும் பாக்கி. வந்தா உன் கையால குடு. ஒரு நிமிஷம் பக்கத்துல உட்காரச் சொல்லு” என்று சொல்லியிருந்தார்.

“அவர் வராம இருக்க மாட்டாருங்க” என்றாள் பக்கத்து வீட்டு டீச்சர். “அஞ்சாறு வருஷம் முன்ன எங்க வீட்டுக்காரர் போனப்ப வந்தாரே! என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அழாதீங்கம்மா, என்னை உங்க பிள்ளையா நினைச்சுக்கங்க’ன்னாரு. வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. யாருக்கு வரும் அந்த மனசு?”

“ஆமா. எல்லா வீட்லயும் அதைத்தான் சொல்றார்” என்றாள் மகள்.

“நீ சும்மா இருடி” என்று அம்மா நூலைப் பல்லால் கடித்தாள்.

வாசலில் கார்கள் வந்து நின்றன. “வழி விடுங்க! வழி விடுங்க!” என்றது மைக்கின் தொண்டை.

எம்.எல்.ஏ. உள்ளே வந்தார். உடம்பு நன்றாகப் பெருத்திருந்தது. அந்தச் சட்டை இனி அவருக்கு ஏறாது என்பது அம்மாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பின்னால் வந்த ஒருவன் நீட்டிய மாலையை வாங்கிப் பெட்டிமேல் வைத்தார். போட்டோக்காரன் “இந்தப் பக்கம் ஐயா” என்றான். திரும்பினார். கை கூப்பினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

அம்மா எழுந்து சட்டையை நீட்டினாள். “இதை உங்கிட்ட...”

கிழவிகள் நீட்டும் மனுக்களை வாங்கி வாங்கிப் பழகிய கை அது. பார்க்காமலே வாங்கித் தோளுக்கு மேல் பின்னால் கொடுத்தது. அங்கே ஒரு கை அதை வாங்கி, காரில் கிடந்த சால்வைகளோடு போடக் கொண்டுபோனது.

“ஒரு நிமிஷம் உட்காரு...” அம்மா ஸ்டூலைக் காட்டினாள்.

எம்.எல்.ஏ. அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் மட்டும் அவள் தோளைத் தாண்டி கேமராவைத் தேடியது.

“அழாதீங்கம்மா” என்றார்.

அவள் அழவில்லை.

“யாரும் இல்லையேன்னு கலங்காதீங்க. என்னை உங்க பிள்ளையா நினைச்சுக்கங்க.”

டீச்சர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“தலைவர் வண்டி பாலத்தைத் தாண்டிடுச்சாம்!” என்று மைக் அவசரப்படுத்தினார். எம்.எல்.ஏ. கையை விட்டார். வந்த வேகத்திலேயே கார்கள் போயின. கூடவே வாசலில் பாதி நாற்காலிகளும் காலியாயின.

அம்மா மெதுவாக உட்கார்ந்தாள். தைக்காமல் விட்ட கைப்பித்தான் ஒன்று உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஸ்டூலின் மேல் வைத்தாள்.

“இப்ப எடுத்துடலாமாம்மா?” என்று மகள் கேட்டாள்.

“எடுத்துடலாம்” என்றாள் அம்மா. “‘நீ சொன்ன மாதிரியே உன்னைப் பிள்ளையா நினைச்சுக்கறேன்’னு, போன்ல கிடைச்சாச் சொல்லிடு, உங்க அண்ணன்கிட்ட.”