சுவர்ப் பல்லியின் அபிப்பிராயம்

டிவிக்கு மேலே சுவரில் ஒரு பல்லி குடியிருந்தாள். அவளுக்குக் கதை என்றால் கல்யாணக் காட்சி இருக்கணும். திரை பளிச்சென்று எரிந்தால்தானே பூச்சி வந்து மொய்க்கும்? சாவு வீட்டு எபிசோடு வந்தால் அன்றைக்குப் பட்டினிதான்.

மூணு நாளாகச் சீரியல் மாமியார் இருட்டறையில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள். "இதெல்லாம் ஒரு கதையா அக்கா?" என்று டிவிக்குப் பின்னால் இருந்த கிழட்டுக் கரப்பானிடம் புலம்பினாள் பல்லி.

நல்லவேளை, வீட்டுக்காரர் சினிமா வைக்க ரிமோட்டை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மாமியார், "நான் ஒரு பாவமும் செய்யலை!" என்று கதறினாள். பல்லிக்குப் பொறுக்கவில்லை. "படு மட்டம்!" என்று கத்திவிட்டாள். மனுஷர் காதில் விழுந்தது "ச்சு, ச்சு, ச்சு" மட்டும்.

வீட்டுக்காரி துள்ளி எழுந்தாள். "பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு! அவ மேல தப்பில்லை. மாத்தாதீங்க."

மனுஷன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏண்டி, திட்டித் திட்டித்தானே கெடுத்துக்கிட்டே? நல்லதைப் பாராட்டித்தான் பழகேன்" என்றாள் கரப்பான்.

"பாராட்டாமலா இருந்தேன்? போன வாரம் கல்யாணக் காட்சியை வாயாரப் புகழ்ந்தேன்க்கா. அதுக்கும் என் வாயிலேர்ந்து இதே சத்தந்தான் வந்துச்சு."